நம் அரசமைப்பின் இலட்சியங்கள் வெள்ளைக்காரன் விட்டுப்போனவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரத்தில் ஒரு மாலை நாங்கள் சிலர் நூலகத்தில் கூடி, இந்திய அரசமைப்புச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக வாசித்து வருகிறோம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், பணி ஓய்வு பெற்றவர்கள், எப்போதாவது ஒரு வக்கீல் என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். யார் புதிதாக வந்தாலும் முதல் நாளே எழும் சந்தேகம் மட்டும் மாறாது: இதெல்லாம் நம்முடையதா, நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் விட்டுப்போன சரக்கா? கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்தச் சட்டத்தை வெள்ளைக்காரன்தானே எழுதிக் கொடுத்துட்டுப் போனான்?

இல்லை. 1946 டிசம்பர் 9 அன்று கூடிய அரசியல் நிர்ணய சபை எழுதியது. 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்டு, 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. வரைவுக் குழுவுக்கு அம்பேத்கர் தலைவர். சென்னை மாகாணத்திலிருந்து அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் என். கோபாலசாமி ஐயங்காரும் அதில் இருந்தார்கள்; பின்னர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் சேர்ந்தார். வரைவுக்கு வந்த திருத்தங்கள் 7,635. அவற்றில் 2,473 திருத்தங்கள் சபையில் முன்மொழியப்பட்டு விவாதிக்கப்பட்டன. யாரோ கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டவர்கள் இவ்வளவு மல்லுக்கட்ட மாட்டார்கள்.

கடைசிப் பிரிவான 395-ஐப் பாருங்கள். 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தை அது நீக்குகிறது. அதோடு, பிரிட்டிஷ் பாராளுமன்றம் நமக்கு விடுதலை அளித்து இயற்றிய 1947-ஆம் ஆண்டின் சட்டத்தையும் சேர்த்தே நீக்குகிறது. கனடாவின் 1867 அரசமைப்பும் ஆஸ்திரேலியாவின் 1900 அரசமைப்பும் லண்டனில் இயற்றப்பட்ட சட்டங்களாகவே பிறந்தவை. நம்முடையது மன்னரின் ஒப்புதலுக்குப் போகவே இல்லை. சபை நிறைவேற்றியது, சபைத் தலைவர் கையெழுத்திட்டார், அவ்வளவுதான். எங்கள் வாசிப்பில் முதல் நாள் நாங்கள் திறப்பது இந்தக் கடைசிப் பக்கத்தைத்தான்.

அப்போ 1935 சட்டத்தை அப்படியே காப்பி அடிச்சதுன்னு சொல்றாங்களே, அது பொய்யா?

பொய் இல்லை, பாதி உண்மை. அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரிப்பது, ஆளுநர் பதவி, அவசரச் சட்டம், பணியாளர் தேர்வாணையம், உயர் நீதிமன்ற ஏற்பாடுகள் எனப் பலவற்றை அங்கிருந்து எடுத்திருக்கிறார்கள். சில இடங்களில் வாசகமே ஒன்றாக இருக்கும். பக்கத்தில் வைத்துப் படித்தால் யாருக்கும் தெரியும், மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் 1935 சட்டத்தில் எது இல்லை என்றும் பார்க்க வேண்டும். 321 பிரிவுகள் கொண்ட அந்தச் சட்டத்தில் அடிப்படை உரிமைகள் என்று ஓர் அத்தியாயம் கிடையாது. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு கிடையாது. தனக்கென்று ஒரு முகவுரைகூடக் கிடையாது. 1919 சட்டத்தின் முகவுரையை வைத்தே ஒப்பேற்றினார்கள். எதற்காக ஆள்கிறோம் என்று சொல்லும் இடம் அதில் காலியாக இருந்தது. நாம் இலட்சியம் என்று சொல்பவை வந்து உட்கார்ந்தது அந்தக் காலி இடத்தில்தான்.

அம்பேத்கரே ஒத்துக்கிட்டாராமே?

ஆமாம், 1948 நவம்பர் 4 அன்று வரைவை முன்வைத்துப் பேசும்போது ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். எடுத்துக்கொண்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அரசமைப்பின் அடிப்படைக் கருத்துகளுக்கு யாரும் காப்புரிமை வாங்கி வைத்திருக்கவில்லை என்றார். 1935 சட்டத்திலிருந்து வந்தவற்றில் பெரும்பகுதி நிர்வாக விவரங்களாக இருப்பதுதான் தனக்கு வருத்தம் என்றும் சேர்த்துச் சொன்னார். இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பலரும் விட்டுவிட்டு முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

சபைக்குள்ளும் மனக்குறை இருந்தது. மைசூரைச் சேர்ந்த கே. ஹனுமந்தையா, வீணை இசையையோ சிதார் இசையையோ எதிர்பார்த்தோம், கிடைத்தது இங்கிலீஷ் பேண்டு வாத்தியம் என்று 1949 நவம்பரில் பேசினார். அந்தக் குறை நியாயமானதே. ஆனால் அது வாத்தியத்தைப் பற்றிய குறை. வாசித்த பாட்டு எங்கிருந்து வந்தது என்பது வேறு கேள்வி.

எங்க கைடுல "எந்த நாட்டிலிருந்து எது" ன்னு ஒரு அட்டவணை இருக்கு. அதை மனப்பாடம் பண்ணா போதாதா?

தேர்வுக்குப் போதும். வரலாற்றுக்குப் போதாது. "அரசு நெறிமுறைக் கோட்பாடுகள் – அயர்லாந்து" என்று ஒரு வரி இருக்கும். அயர்லாந்தும் அதே சாம்ராஜ்யத்தை எதிர்த்து விடுபட்ட நாடு, அந்த அரசமைப்பு 1937-இல்தான் வந்தது என்பதை அட்டவணை சொல்லாது. நாம் அங்கே போனது கடை தேடி அல்ல. நம்மைப் போலவே போராடியவர்கள் என்ன எழுதினார்கள் என்று பார்க்கப் போனோம்.

"அடிப்படை உரிமைகள் – அமெரிக்கா" என்பதும் அப்படியே. 1928-இல் மோதிலால் நேரு குழுவின் அறிக்கை அடிப்படை உரிமைகளின் பட்டியலையும், ஆண் பெண் இருபாலருக்கும் வாக்குரிமையையும் கேட்டுவிட்டது. 1931-இல் கராச்சி காங்கிரஸ் தீர்மானம் இன்னும் மேலே போய், இலவச ஆரம்பக் கல்வியையும் மரண தண்டனை ஒழிப்பையும் சேர்த்தது. 1919-இல் ரௌலட் சட்டத்தின் கீழ் விசாரணையின்றி அடைக்கப்படும் ஆபத்தையும் ஜாலியன்வாலா பாகையும் கண்ட தலைமுறை அது. உரிமை என்பதைப் புத்தகத்தில் படித்து ஆசைப்பட வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை.

விக்டோரியா மகாராணி 1858-லயே எல்லாரும் சமம்னு அறிவிச்சுட்டாங்கல்ல?

அறிவித்தார். இனத்தையோ மதத்தையோ பார்த்து யாரையும் அரசுப் பணியிலிருந்து விலக்க மாட்டோம் என்று அந்தப் பிரகடனம் சொன்னது. 1883-இல் இல்பர்ட் மசோதா வந்தபோது அதன் மதிப்பு தெரிந்தது. மாவட்டங்களில் இந்திய நீதிபதி ஒரு வெள்ளைக்காரரை விசாரிக்கலாம் என்ற சின்ன மாற்றத்துக்கே இங்கிருந்த ஐரோப்பியர்கள் கொதித்தெழுந்தார்கள். அரசு பின்வாங்கி, பாதிப் பேர் ஐரோப்பியராக உள்ள ஜூரியைக் கேட்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்துச் சமாளித்தது.

பிரகடனத்துக்கு முன்பே நம் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1852-இல் காஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று தொடங்கிய சென்னைவாசிகள் சங்கம், வரி வசூலிக்க ரயத்துகள் (நிலத்தை உழும் குடியானவர்கள்) சித்திரவதை செய்யப்படுவதை லண்டன் வரை மனுவாகக் கொண்டுபோனது. அரசு வேறு வழியின்றி விசாரணைக் கமிஷன் அமைத்தது. 1855-இல் வந்த அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. ஒன்று கிட்டி: கட்டைகளுக்கு இடையே விரல்களை வைத்து நெரிப்பது. மற்றது அண்ணாந்தாள்: உடலை வளைத்துக் கட்டிப் போட்டு வெயிலில் நிறுத்துவது. வரிபாக்கி வைத்த விவசாயிக்கு இது நடந்தது.

சட்டத்தின் ஆட்சி என்ற சொல்லை அவர்கள் இங்கே கொண்டுவந்தார்கள் என்பது சரி. அதைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் வாசலிலேயே நின்று "இது எங்களுக்குப் பொருந்துமா, பொருந்தாதா?" என்று கேட்டவர்கள் இங்கே இருந்தவர்கள். தாதாபாய் நௌரோஜி வாழ்நாள் முழுவதும் கேட்டது இதே கேள்விதான். இந்தியாவில் நடக்கும் ஆட்சி பிரிட்டிஷ் தன்மைக்கே ஒவ்வாதது என்பது அவருடைய வாதம்.

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்… இது பிரெஞ்சுப் புரட்சியோட முழக்கம்தானே?

சொற்கள் அந்த வரிசையில் அங்கே புகழ்பெற்றவை. அம்பேத்கருக்கும் அது நன்றாகத் தெரியும். 1927-இல் மஹாராஷ்டிரத்தின் மஹாடில், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பொதுக்குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிக்கும் உரிமைக்காகப் போராடியபோது, 1789-இன் பிரெஞ்சு மக்கள் அவையை அவரே எடுத்துக்காட்டிப் பேசினார். ஆனால் 1954-இல் வானொலி உரையில், தன் தத்துவத்தைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து கடன் வாங்கியதாக யாரும் சொல்ல வேண்டாம், அதைப் புத்தரின் போதனையிலிருந்து பெற்றேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

இன்னொரு செய்தி. 1946 டிசம்பரில் நேரு முன்வைத்த குறிக்கோள் தீர்மானத்தில் சகோதரத்துவம் என்ற சொல் இல்லை. வரைவுக் குழுதான் பின்னால் அதை முகவுரையில் சேர்த்தது. இந்த நாட்டில் எது மிகவும் குறைவோ அதை எழுதிச் சேர்த்திருக்கிறார்கள் என்றே நான் படிக்கிறேன். குளத்தில் கைவைத்ததற்கு அடிவாங்கியவர்கள் கேட்ட சமத்துவத்துக்குப் பாரீஸ் பிறப்பிடமாக இருக்க முடியாது.

ஓட்டுரிமை? அது கண்டிப்பா அவங்க குடுத்ததுதானே?

தேர்தல் என்ற ஏற்பாட்டை அவர்கள் நடத்தினார்கள். வாக்கை எல்லோருக்கும் கொடுக்கவில்லை. சொத்து, வரி, படிப்பு என்று வடிகட்டி வடிகட்டி, 1946 மாகாணத் தேர்தலில்கூடப் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கும் குறைவாகவே வாக்கு இருந்தது. முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் இலங்கைக்கு 1931-இலேயே அனைவருக்கும் வாக்குரிமை கொடுத்தார்கள். இந்தியாவுக்கு மனம் வரவில்லை.

பெண்கள் வாக்கைப் பாருங்கள். 1919 சீர்திருத்தத்தின்போது லண்டன் அதைத் தானே தீர்மானிக்காமல் மாகாணங்களின் தலையில் போட்டது. சென்னை சட்டமன்றம் 1921-இல் முந்திக்கொண்டு பெண் என்ற தடையை நீக்கியது. சில ஆண்டுகளில் முத்துலட்சுமி ரெட்டி அதே அவையின் துணைத் தலைவராக உட்கார்ந்தார்.

பிறகு 1951–52 முதல் பொதுத் தேர்தல். சுமார் 17 கோடியே 30 லட்சம் வாக்காளர்கள். பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பட்டியல் எடுக்கப் போன ஊழியர்களிடம் பல பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே சொன்னார்கள். பெயர் இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்று தேர்தல் ஆணையம் உறுதியாக நின்றதால் சுமார் 28 லட்சம் பேரின் பதிவுகள் நீக்கப்பட்டன. மனதை உறுத்தும் கணக்குதான். ஆனாலும் ஓர் அரசு வீட்டு வாசலில் வந்து நின்று "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டு, அந்தப் பெயருக்கு ஒரு வாக்கு என்று எழுதிக்கொண்டது இந்த மண்ணில் அதற்குமுன் நடந்ததில்லை.

நம்மகிட்டதான் உத்திரமேரூர் குடவோலை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இருந்துச்சே! அதைச் சொல்லாம விட்டா எப்படி?

விடவில்லை, சொல்ல வேண்டியதுதான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920-ஐ ஒட்டி, கோயில் சுவரில் வெட்டிய விதிகள் அவை. ஊரை முப்பது குடும்புகளாக (இன்றைய வார்டுகள் போல) பிரித்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் முடியாது. படிக்கும்போது எனக்கு இன்றும் பெருமிதம் வரும்.

அதே கல்வெட்டில் தகுதியையும் படியுங்கள். வரி செலுத்தும் கால்வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேத அறிவு. பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை அது. பெண்ணுக்கும் உழுகுடிக்கும் அதில் இடமில்லை. பொறுப்பில் இருப்பவர் கணக்குக் காட்ட வேண்டும் என்ற அறம் நம்மிடம் பழசு. எல்லோரும் சமம் என்பது புதுசு, அதற்காகச் சண்டை போட வேண்டியிருந்தது. ஊராட்சிகளைப் பற்றிய பிரிவு 40-கூட முதல் வரைவில் இல்லை. சென்னையைச் சேர்ந்த கே. சந்தானம் 1948 நவம்பரில் திருத்தம் கொண்டுவந்த பிறகே சேர்ந்தது.

ரிட் மனு போடறதெல்லாம் இங்கிலீஷ்காரன் வழக்கம்தானே? பேரே லத்தீன்ல இருக்கு.

ரிட் என்பது அரசையோ அதிகாரியையோ கட்டுப்படுத்த நீதிமன்றம் அனுப்பும் ஆணை. பெயர் லத்தீன், வழக்கம் இங்கிலாந்துடையது, முழுக்கச் சரி. ஆனால் அது யாருக்குக் கிடைத்தது? இன்று ஒடிசாவில் உள்ள கஞ்சம் பகுதியில் காராபந்தோ என்ற ஊரின் ரயத்துகள், பர்லாகிமிடி ஜமீன்தாருக்குச் சாதகமாகச் சென்னை வருவாய் வாரியம் நில வாடகையை உயர்த்தியதை எதிர்த்து ரிட் கேட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் நகர எல்லைக்குள்தான், இந்த ஊருக்கு எட்டாது என்று 1943-இல், அன்று இந்தியாவுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஆணையைப் போட்ட வாரியத்தின் அலுவலகம் சென்னை நகரத்திலேயே இருந்தும் இந்தக் கதி.

ஏழே ஆண்டுகளில் பிரிவு 226 வந்தது. எந்த உயர் நீதிமன்றமும் தன் மாநிலத்தின் எந்த மூலைக்கும் ரிட் அனுப்பலாம் என்று ஆனது. அடிப்படை உரிமைக்காக நேராக உச்ச நீதிமன்றம் போகும் வழியைப் பிரிவு 32 திறந்தது. கருவி அவர்களுடையது, அந்த ஊர்க்காரர்களுக்கும் எட்டும்படி அதை நீட்டியது நாம். "காலனியத்திலிருந்து வந்தது" என்று ஒன்றைச் சொல்லும்போது இந்த வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து வந்தது என்பதோடு யார்வரை எட்டியது என்றும் கேட்க வேண்டும்.

சரி, வ.உ.சி.யைச் செக்கிழுக்க வெச்ச அதே 124ஏ சுதந்திர இந்தியாவுலயும் இருந்துச்சே, அதுக்கு என்ன பதில்?

நல்ல பதில் கிடையாது. ராஜத்துரோகத்தைக் குற்றமாக்கி 1870-இல் தண்டனைச் சட்டத்தில் நுழைந்த பிரிவு அது. 1908-இல் திருநெல்வேலியில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை, சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்தாண்டு. பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளில் ராஜத்துரோகம் என்ற சொல் வரைவில் இருந்தது, கே.எம். முன்ஷி எடுத்துப்போட வைத்தார். ஆனால் தண்டனைச் சட்டத்தில் பிரிவு அப்படியே தங்கியது. 1962-இல் உச்ச நீதிமன்றம் அதன் வீச்சைச் சுருக்கி உயிரோடு விட்டது. 2022 மே மாதம்தான் நிறுத்தி வைத்தது.

தடுப்புக் காவல், அதாவது விசாரணையின்றி முன்கூட்டியே அடைத்து வைப்பது, இதைவிட வலிக்கும். பிரிவு 22-ஐத் திறந்தால் முதல் இரண்டு கூறுகள் அருமையாக இருக்கும்: காரணம் சொல்லாமல் அடைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். மூன்றாவது கூறு, தடுப்புக் காவலில் இருப்பவருக்கு இவை பொருந்தா என்று முடியும். அரசமைப்பு நடைமுறைக்கு வந்து ஒரே மாதத்தில் தடுப்புக் காவல் சட்டம் இயற்றப்பட்டது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னைச் சிறையிலிருந்தே அதை எதிர்த்து வழக்காடி 1950-இல் தோற்றார். சிறைக்குப் போய்வந்தவர்களே ஆட்சிக்கு வந்ததும் சிறைச் சாவியைக் கீழே வைக்க மனமில்லாமல் போனது. இதை வெள்ளைக்காரன் தலையில் கட்டிவிட்டு நாம் நழுவ முடியாது.

356-ம் அப்படித்தானா?

அப்படியேதான். 1935 சட்டத்தின் 93-ஆம் பிரிவு, ஆளுநர் மாகாண ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொள்ள வழி செய்தது. 1939-இல் ராஜாஜி அமைச்சரவை விலகியதும் சென்னையில் அதுதான் 1946 வரை ஓடியது. மாநில ஆட்சியைக் குடியரசுத் தலைவர் கையில் எடுக்க வழிசெய்யும் பிரிவு 356 அதன் வாரிசு. பயன்படாமலே கிடக்கும் எழுத்தாக இருக்கும் என்று அம்பேத்கர் நம்பினார். நூறு தடவைக்கு மேல் பயன்பட்டுவிட்டது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது தமிழ்நாட்டில் யாருக்கும் மறக்காது. 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்புதான் கடிவாளம் போட்டது.

இட ஒதுக்கீடு பிரிட்டிஷ்காரன் பிரித்தாளும் சூழ்ச்சின்னு எங்க தாத்தா சொல்வாரு. உண்மையா?

தாத்தா இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கட்டுகிறார். மதவாரியாகத் தனித் தொகுதி, தனி வாக்காளர் என்ற ஏற்பாடு 1909-இல் பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்தது. அரசமைப்பு அதை ஒழித்துவிட்டது. வேலையிலும் கல்வியிலும் பங்கு என்பது வேறு வழியில் வந்தது. 1902-இல் கோலாப்பூரில் ஷாஹு மகாராஜா பாதி இடங்களைப் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கினார். சென்னையில் நீதிக்கட்சி அமைச்சரவை 1921 முதல், சாதி மத வகுப்புகளுக்கு இடங்களைப் பங்கிடும் வகுப்புவாரி உத்தரவுகளைக் கொண்டுவந்தது. இரண்டும் இங்கிருந்தவர்கள் கேட்டு, இங்கிருந்தவர்கள் செய்தவை.

1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னையின் உத்தரவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தமிழகம் கொந்தளித்தது. அதே ஆண்டு முதல் திருத்தம் வழியாக, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழிவிடும் பிரிவு 15(4) சேர்ந்தது. நம் மாகாணத்துச் சண்டை ஒன்று அரசமைப்பின் வாசகத்தையே மாற்றியதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

அந்தச் சபையை மக்கள் நேரா தேர்ந்தெடுக்கவே இல்லையே. "இந்திய மக்களாகிய நாம்" னு எப்படி எழுதலாம்?

இதுதான் எங்களிடம் வரும் கேள்விகளில் மிகக் கடினமானது. பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழுவின் 1946 திட்டப்படி, மாகாண சட்டமன்றங்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தன. அந்த சட்டமன்றங்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள் யார் என்று மேலே சொல்லியாகிவிட்டது. சமஸ்தானப் பிரதிநிதிகளில் பலர் நியமனம். ஆக, சபை பிறந்த விதம் குறையுள்ளதே. "நாம்" என்று எழுதியபோது அந்த "நாம்" அறைக்குள் முழுதாக இல்லை.

அந்தச் சபை செய்த காரியம், தன்னைத் தேர்ந்தெடுத்த குறுகிய வாக்காளர் கூட்டத்தைக் கலைத்து, பிரிவு 326 வழியாக எல்லோருக்கும் வாக்கைக் கொடுத்தது. 1948-இலேயே, அரசமைப்பு நிறைவேறும் முன்பே, அந்த வாக்காளர் பட்டியல் வேலையைத் தொடங்கச் செய்தார்கள். எனக்கு இது போதுமான பதிலாகப் படுகிறது. எங்கள் கூட்டத்தில் இருவருக்கு இன்னும் படவில்லை. வாரம் தவறாமல் வாதாடுகிறோம்.

இப்போ சட்டங்களுக்கெல்லாம் பேரை மாத்தியாச்சு. காலனியம் போயிடுச்சுன்னு அர்த்தமா?

2024 ஜூலை 1 முதல் 1860-இன் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. ராஜத்துரோகம் என்ற சொல் அதில் இல்லை. நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவிக்கும் பேச்சையும் செயலையும் பற்றிய பிரிவு 152 இருக்கிறது. பழைய 124ஏ-யையும் புதிய 152-ஐயும் வரிக்கு வரி பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எவ்வளவு மாறியது என்று நீங்களே சொல்லலாம்.

அதற்குமுன் இன்னும் இரண்டு பிரிவுகளைச் சேர்த்துப் படிக்கச் சொல்வேன். பழைய சட்டங்கள் தொடரும் என்கிறது 372. அடிப்படை உரிமைக்கு முரணான பழைய சட்டம் அந்த முரண் உள்ள அளவுக்குச் செல்லாது என்கிறது 13. 1950 மே மாதம், பம்பாயிலிருந்து வந்த ஓர் ஆங்கில வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் நுழையத் தடை போட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது இந்த 13-ஐ வைத்துத்தான். அந்தத் தடைக்கு அடிப்படையான சட்டம் 1949-இல் சென்னையில் நம்மவர்களே இயற்றியது. அடுத்த வாரம் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.